ஊர்தியில் இன்வர்ட்டர்

ஐதராபாத்திலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் வண்டிகள் ஓடுகின்றன. அவற்றுள் சிலவற்றில் இன்வர்ட்டர் என்னும் சிறு பெட்டியைக் காண்கிறோம். பாட்டரி தரும் நேர்மின்சாரத்தை, வீட்டில் நாம் பயன்படுத்தும் 230 வோல்ட் மாறுமின்சாரமாக ஆக்கித் தருவது இதன் வேலை. காரின் பாட்டரி 12 வோல்ட். லாரி, பேருந்துகளில் பெரும்பாலும் 24. வண்டிக்கேற்ற பெட்டியையே வாங்க வேண்டும்.

வசதி பெரிதுதான், ஆயினும் கணக்கை மறக்கலாகாது. காரில் 300 வாட் கருவியை இயக்க, பாட்டரியிலிருந்து 25 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் பாய வேண்டும். சிகரெட் பற்றவைக்கும் துளையோ பெரும்பாலும் 10 முதல் 20 ஆம்பியர் வரையே தாங்கும். ஃப்யூஸ் எரிந்து போனால், அது நம்மைக் காத்தது என்று பொருள். அதனிடத்தில் தடித்த கம்பியைச் சுற்றினால், காவற்காரனை நாமே அனுப்பிவிட்டவர்களாவோம்.

மிகுந்த மின்சாரம் வேண்டுமாயின், தேர்ந்த பணியாளரைக் கொண்டு, தடித்த கம்பிகளால் பாட்டரியோடு நேரே இணைத்து, அதனருகிலேயே ஃப்யூஸ் அமைக்க வேண்டும். பெட்டி சூடேறும், ஆகவே துணிமூட்டைகளுக்கிடையே வைக்கலாகாது. ஈரக்கையால் தொடலாகாது. எஞ்சினை நிறுத்தி நெடுநேரம் பயன்படுத்தினால் பாட்டரி வற்றிவிடும். அதற்கஞ்சி மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டால் நச்சுப்புகை சூழும்.

2025 அக்டோபர் 24 விடியற்காலையில், இதே சாலையில், கர்நூல் அருகே, ஐதராபாத்திலிருந்து சென்ற பேருந்து தீப்பற்றி 19 பயணிகள் மாண்டனர். வண்டியின் அடியில் ஒரு மோட்டார் சைக்கிள் சிக்கியதே அதன் தொடக்கம், இன்வர்ட்டர் அன்று. ஆயினும், மூடிய வண்டியில் தீ எழுந்தால் தப்புவதற்குரிய நேரம் மிகக் குறைவு என்பதை அது உணர்த்திற்று. எனவே தீயணைப்புக் கருவியைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்போம். இறங்குமுன் இன்வர்ட்டரை அணைப்போம்.