மீன் மேல் வெள்ளைப் புள்ளி

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தூத்துக்குடியில் வண்ணமீன் கடைக்காரர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: “அண்ணாச்சி, மீன் மேல ரவை தூவினாப்ல இருக்கே, என்ன மருந்து?”

இது வெள்ளைப்புள்ளி நோய். காரணம், இக்தியோப்தீரியஸ் என்ற ஒரு செல் ஒட்டுண்ணி. தண்ணீர் சட்டென்று குளிர்ந்ததும் மீனின் எதிர்ப்புச் சக்தி தளர்கிறது. தொட்டிக்குள் ஏற்கெனவே வந்து சேர்ந்த கிருமி அந்த நேரம் பார்த்துப் பெருகுகிறது.

புள்ளி தெரிவதற்கு முன்பே மீன் சொல்லிவிடும். கல்லிலும் மணலிலும் உடம்பைத் தேய்க்கும். துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நிற்கும், செவுள் வேகமாக அடிக்கும். செவுளில் மட்டும் நோய் பிடித்தால் புள்ளியே தெரியாமல் மீன் செத்துப்போவதும் உண்டு. ஆனால் ஆண் தங்கமீனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் முன்துடுப்பு ஓரத்திலும் வெள்ளைப் பொட்டுகள் வரும். அது நோயல்ல, பருவம். அதற்கு மருந்து ஊற்றுவது வீண் வேலை.

இந்த ஒட்டுண்ணியின் சூட்சுமத்தைப் புரிந்துகொண்டால் பாதி வைத்தியம் முடிந்தது. மீனின் தோலுக்கு அடியில் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. கொழுத்ததும் உதிர்ந்து, தொட்டியின் அடியில் ஒரு கூட்டைக் கட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. அந்தக் குஞ்சுகள் மீனைத் தேடி நீந்தும் ஓரிரு நாள்தான் மருந்துக்கு அகப்படும். ஆகவே புள்ளி மறைந்தது என்று மூன்றாம் நாளே மருந்தை நிறுத்துகிறவர் அடுத்த வாரம் திரும்பவும் கடைக்கு வருவார்.

நன்னீர் மீனுக்கு மருந்து நம் உப்பளத்திலேயே இருக்கிறது. பத்து லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 30 கிராம் கல்லுப்பு. ஒரேயடியாகக் கொட்டாமல், தனியாகக் கரைத்து, இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். இரண்டு வாரம் விடாமல் வையுங்கள். ஆவியாகிக் குறைந்த தண்ணீரை ஈடுகட்டும்போது உப்பு சேர்க்க வேண்டாம், உப்பு ஆவியாவதில்லை. ஹீட்டர் இருந்தால் சூட்டை மெதுவாக 30 டிகிரிக்கு ஏற்றலாம், கிருமியின் சுழற்சி விரைந்து முடியும். ஆனால் சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, காற்று மோட்டாரை நிறுத்தாதீர்கள். செடிகளும் செதிளில்லாத கெளுத்தி வகைகளும் உப்பை அவ்வளவாகத் தாங்காது.

மன்னார் வளைகுடாவின் கோமாளி மீன் வளர்ப்பவர்களுக்கு இந்த உப்பு வைத்தியம் உதவாது. கடல்நீர்த் தொட்டியில் வருவது கிரிப்டோகாரியான் என்ற வேறு ஒட்டுண்ணி, உப்பு நீரிலேயே பிறந்து வளர்வது. மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, உப்புத்தன்மையைப் படிப்படியாகப் பாதியளவுக்குக் குறைப்பார்கள். பவளமும் இறாலும் இருக்கும் தொட்டியில் இதைச் செய்யக் கூடாது, தாமிர மருந்தும் ஊற்றக் கூடாது; இரண்டுமே அவற்றைக் கொன்றுவிடும்.

என்னைக் கேட்டால், பச்சை நீல மருந்துப் புட்டிகளை விடப் பெரியது ஒரு காலித் தொட்டி. புதிதாக வாங்கிய மீனை அதில் மூன்று வாரம் தனியே வைத்துப் பாருங்கள். கடைப் பையின் தண்ணீரை வீட்டுத் தொட்டியில் ஊற்றாதீர்கள். வலையையும் தனியாக வையுங்கள். சந்தேகம் என்றால் 1977 முதல் நம் ஊரில் இருக்கும் மீன்வளக் கல்லூரியில் விசாரியுங்கள். மீன் செத்த பிறகு போவதை விட, அது கல்லில் உரசத் தொடங்கிய அன்றே போவது நல்லது.