படகு எந்திரத்திற்கு ஏற்ற கேம் ஷாப்ட்

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட ஒருவன் எந்திரத்தைப் பற்றிப் பேச வருவது நேயர்களுக்கு வியப்பளிக்கலாம். பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் தமிழ் இளைஞர் ஒருவர், ஒரு நாள் மாலை ஆங்கில விலைப்பட்டியல் ஒன்றுடன் என் வீட்டிற்கு வந்தார். நீர்த்தேக்கத்தில் விரைவுப் படகு ஓட்டும் ஒருவர், தம் பழைய எட்டு சிலிண்டர் பெட்ரோல் எந்திரத்தைப் புதுப்பிக்கும் வேலையை அவரிடம் ஒப்படைத்திருந்தார். முன்பணமும் வாங்கியாயிற்று.

"சார், இதில் எது பெரிய கேம் ஷாப்ட்டோ, அதையே வரவழைத்து விடலாமா?" என்று கேட்டார். ஜே. சி. சாலைக் கடைகளில் கார்ச் சாமான்கள் ஏராளம். இதுவோ கடல் கடந்து வரவேண்டிய பொருள். தவறினால் நட்டம் அவருடையது.

மொழிபெயர்க்கப் புகுந்த நான், பொருளையும் கற்க நேர்ந்தது. கேம் ஷாப்ட் என்பது முட்டை வடிவ மேடுகள் அமைந்த தண்டு. நான்கு வீச்சு எந்திரத்தில் கிராங்க் ஷாப்ட் இருமுறை சுழலும்போது இது ஒருமுறை சுழலும். மேடு எழும்போது வால்வு திறக்கிறது. தணியும்போது ஸ்பிரிங் அதை மூடுகிறது. வால்வு எவ்வளவு உயர்கிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, காற்று புகும் வால்வும் புகை வெளியேறும் வால்வும் எவ்வளவு நேரம் ஒருங்கே திறந்திருக்கின்றன என்பனவற்றையே பட்டியலின் எண்கள் கூறுகின்றன.

கார் வேறு, படகு வேறு. இறக்கத்தில் கார் தானே உருண்டு செல்லும். நீரில் இறக்கம் ஏது? படகு எந்திரம், மேடேறும் லாரியைப் போல் மணிக்கணக்கில் உழைக்கிறது. அதன் வேகத்திற்கு எல்லை வகுப்பது விசிறி. நிமிடத்திற்கு 5,000 சுழற்சிக்கு மேல் விசிறி விடாதபோது, 6,500 சுழற்சியில் வலிமை தரும் ஷாப்ட்டால் பயன் என்ன?

மற்றோர் ஆபத்து இதனினும் பெரிது. பெரும்பாலான இத்தகைய படகுகளில், எந்திரத்தைக் குளிர்வித்த நீர் புகைக்குழாயில் கலந்தே வெளியேறுகிறது. இரு வால்வுகளும் நெடுநேரம் ஒருங்கே திறந்திருந்தால், எந்திரம் மெதுவாக ஓடும்போது புகை பின்வாங்கி ஈரத்தையும் சிலிண்டருக்குள் இழுத்துவிடும். வால்வு துருப்பிடிக்கும், நீர் மிகுந்தால் எந்திரமே உடையும். ஆகவே, இரு மேடுகளின் மையங்களுக்கிடையே பந்தயக் காரில் 106, 108 பாகை இருக்கலாமெனினும், படகுக்குப் பொதுவாக 112 முதல் 114 பாகை வரை விடுவர்.

ஷாப்ட்டை மட்டும் தனியே வாங்குவதும் பிழை. தட்டையான டாப்பெட் உள்ள எந்திரத்தில், புதிய ஷாப்ட்டின்மேல் பழைய டாப்பெட்டை வைத்தால் இரண்டும் தேயும். அலைமீது படகு துள்ளி, விசிறி காற்றில் சுழலும் நொடியில் எந்திர வேகம் திடீரென ஏறும். அப்போது ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வால்வு உரிய காலத்தில் மூடாமல் பிஸ்டனில் மோதக்கூடும். அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தாலோ மேடு தேயும். வால்வு முழுதும் திறந்த நிலையிலும் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாமல் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் எஞ்ச வேண்டும். புகை வால்வு ஓயாத வெப்பத்தைத் தாங்க வேண்டியிருப்பதால், நிக்கல் மிகுந்த கலப்பு உலோகத்தாலான வால்வு சிறந்தது.

இவற்றைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். இளைஞர் முதலில் படகின் எடை, விசிறியின் அளவு, புகைக்குழாயின் அமைப்பு மூன்றையும் குறித்துக்கொண்டார். பிறகு நடுத்தரமான ஷாப்ட்டையும், அதற்குப் பொருந்தும் டாப்பெட், ஸ்பிரிங்குகளையும் ஒரே தொகுதியாக வரவழைத்தார். படகுக்காரர் முகம் சுளித்தபோது, "நடுநீரில் நின்றுவிட்டால் இறங்கித் தள்ள முடியாதே, சார்" என்றார்.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் பலரிடம் கைத்திறன் உண்டு. ஆங்கிலப் பட்டியல்தான் குறுக்கே நிற்கிறது. நம் தெருவில் அத்தகைய பட்டறை ஒன்று இருக்குமாயின், படித்தவர்கள் ஒரு மாலைப் பொழுதை அங்கே செலவிடலாம். கற்பவர் அவர் மட்டுமல்லர், நாமுந்தான்.