பழைய கணக்கு வந்து சேர்ந்ததா?

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மூன்று மாதமாக என் சொந்த இணையதளத்தைப் புதுப்பித்து வருகிறேன். "என்ன சார், எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?" என்று லிஃப்டில் பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். அதற்கு இன்று பதில் சொல்லிவிடுகிறேன்.

2003-இல் தொடங்கிய தளம் அது. என் மனைவி சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்த 42 சமையல் குறிப்புகள்தான் அதில் முக்கியம். அவர் இப்போது இல்லை. கையால் எழுதிய நோட்டும் கிடையாது.

புதிய தோற்றம் இரண்டு நாளில் தயார். கைபேசியில் அழகாகத் தெரிகிறது. ஆனால் பழைய பக்கங்களைத் திறந்தால் தமிழே இல்லை. தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் வரிசையாக நின்றன.

காரணம் இதுதான். கணினி எழுத்தை எண்ணாகவே சேமிக்கும். அன்று நாங்கள் பயன்படுத்திய திஸ்கி முறையில், ஐரோப்பிய எழுத்துகளுக்கு உரிய எண்களிலேயே தமிழ் எழுத்துகளை வைத்திருந்தார்கள். அதற்கான எழுத்துரு இருந்தால்தான் தமிழ் தெரியும். இன்றைய யூனிகோடில் தமிழுக்கென்று தனி எண்கள் உண்டு. எண்ணை மட்டும் மாற்றினாலும் போதாது. 'கொழுக்கட்டை'யின் 'கொ'வைத் திஸ்கி கண்ணில் படும் வரிசையில் வைக்கும்: முதலில் கொம்பு, அடுத்து க, கடைசியில் கால். யூனிகோடில் க முன்னால் வரும். அதன் பின்னால்தான் ஒகரக் குறி. மாற்றித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. இருந்தாலும் வரி வரியாகப் படித்துச் சரிபார்க்கிறேன். உப்பு அளவு மாறினால் குழம்பு குழம்பாக இருக்காது.

ஒரு சிடியில் இருந்த 31 குறிப்புகள் இப்படி வந்து சேர்ந்துவிட்டன. மீதி 11 ஓர் இலவசத் தளத்தில் இருந்தன. அந்தச் சேவையே மூடப்பட்டுவிட்டது. 1996 முதல் இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவில் பழைய முகவரியைப் போட்டுத் தேடியதில் 7 கிடைத்தன. நான்கு கிடைக்கவில்லை. மைத்துனி நினைவிலிருந்து சொல்கிறேன் என்றிருக்கிறார். அவற்றை "மைத்துனி சொன்னது" என்று குறித்தே சேர்ப்பேன்.

ஆகவே என் பதில்: 42-க்கு 38.

வங்கியில் லெட்ஜரிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறியபோதும் இதே கணக்குதான். மெஷின் வந்து இறங்கிய நாளில் ஸ்வீட் கொடுத்தோம். ஆனால் ஒவ்வொரு கணக்கின் இருப்பும் ஏறி, மொத்தம் டேலி ஆகும் வரை பழைய லெட்ஜரை யாரும் பரணில் ஏற்றவில்லை. புதியது வந்தது பாதி வேலை. பழையது குறையாமல் வந்து சேர்ந்தால்தான் அது முன்னேற்றம்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? நம் சங்கமும் புதிய செயலிக்கு மாறப்போகிறது. நல்லதுதான். மூன்று வேண்டுகோள் மட்டும்.

ஒன்று: தண்ணீர்க் குழாய் வரைபடம், லிஃப்ட் ஒப்பந்தம், கூட்டத் தீர்மானங்கள், வைப்பு நிதிக் கணக்கு எல்லாம் ஏறியதா என்று பட்டியல் போட்டு டிக் செய்த பிறகே பழையதை மூட வேண்டும்.

இரண்டு: தளத்தின் பெயரும் மின்னஞ்சலும் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். செயலாளர் வீடு மாறினாலும் கணக்கு மாறக்கூடாது.

மூன்று: செயலிக்கு வெளியே எளிய வடிவில் இரண்டு பிரதிகள், இரண்டு இடங்களில். டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் தொடங்கிய முதல் இணையதளத்தின் பக்கங்கள் இன்றைய கைபேசியிலும் திறக்கின்றன. அவ்வளவு எளிமையாக எழுதப்பட்டவை அவை.

உங்கள் வீட்டிலும் பழைய சிடி, பழைய போன் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றைத் திறந்து பாருங்கள். திறக்கத் தெரியவில்லை என்றால் எடுத்துக்கொண்டு வாருங்கள். மாலையில் வீட்டில்தான் இருப்பேன்.