பூத்தும் காய்க்காத கொடி

இலக்கிய நேரத்தில் தோட்டக் கதையா என்று எண்ணவேண்டாம். கொடியை நீக்கிவிட்டால் நம் இலக்கியத்தில் பாதி சாய்ந்துவிடும். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நான் சொல்லப்போகும் கொடியைப் பாரி அறியமாட்டான். அவனுடைய நண்பர் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களிலும் அது இல்லை. தென்னமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த கொடித்தோடை அது.

அதன் பூவை 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் துறவியர் கண்டு வியந்தார்கள். ஐந்து மகரந்தப் பைகள் இயேசுவின் ஐந்து காயங்களாகவும், மூன்று சூல்முடிகள் மூன்று ஆணிகளாகவும், ஊதா இழை வளையம் முள்முடியாகவும் அவர்களுக்குத் தெரிந்தன. ஆங்கிலப் பெயரிலுள்ள 'பஷன்' ஆசையைக் குறிப்பதன்று, திருப்பாடுகளைக் குறிப்பது. நம் நாட்டிலோ பழத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். தமிழில் கொடித்தோடை, சிங்களத்தில் வெல்தொடம். 'வெல்' என்றால் கொடி, 'தொடம்' என்றால் தோடை. இரு மொழிக்கும் ஒரே பெயர்தான்.

ஹந்தானையில், தேயிலை அருங்காட்சியகத்துக்கு ஏறும் வீதியோரத்தில் நாங்கள் குடியேறியபோது, பக்கத்து வீட்டுச் சிங்கள ஆசிரியர் தம் கொடியிலிருந்து ஒரு தண்டை வெட்டித் தந்தார். மஞ்சள் பழ இனம். அவர் அதை நிழலுக்காக வளர்த்திருந்தார். நான் குழி தோண்டி, சாணமும் மக்கிய இலையும் இட்டு நட்டேன். அடுத்த ஆண்டே பந்தல் நிறையப் பூ. நண்பகலில் விரியும், இரவில் வாடும், மறுநாள் காம்போடு உதிரும். ஒரு காய் இல்லை. இரண்டாம் ஆண்டும் அப்படியே.

"வெட்டிப்போட்டு அவரையாவது போடுங்களேன்" என்றார் மனைவி. கத்தியைத் தீட்டியும் வைத்துவிட்டேன்.

அந்த வாரம் கீழ் லயத்து ஆச்சி ஒருவர் முருங்கைக்கீரை கொண்டு வந்தார். கொடியை அண்ணாந்து பார்த்தார்.

"ஒத்தக் கொடிங்களா ஐயா?"

"பக்கத்து வீட்டிலும் ஒன்று இருக்கிறதே, ஆச்சி."

"அதுல வெட்டுனதுதானுங்களே இது? அதுவும் இதுவும் ஒண்ணுதானுங்க."

மறுநாள் தம் வீட்டுப் பழத்தின் விதையிலிருந்து முளைத்த கன்றொன்றைப் பொலித்தீன் பையில் கொண்டு வந்து தந்தார்.

அறிவியலும் ஆச்சியின் பக்கமே நிற்கிறது. மஞ்சள் இனக் கொடியின் மகரந்தத்தை அதே கொடியின் பூ ஏற்பதில்லை. தண்டு வெட்டி நட்டது தாய்க்கொடியின் மறுபதிப்பு. ஆகையால் அதுவும் உதவாது. விதையில் பிறந்த வேறொரு கொடி வேண்டும். மலைநாட்டுக் குளிரை விரும்பும் ஊதாப் பழ இனத்துக்கு இந்த நிபந்தனை கிடையாது. தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும்.

கன்று வந்தும் ஒரு சிக்கல் இருந்தது. மகரந்தம் பிசுபிசுப்பானது, கனமானது. காற்று அதைச் சுமக்காது. சிறிய தேனீ மகரந்தத்தைத் திரட்டிக்கொண்டு போகுமே தவிர, அதன் முதுகு சூல்முடியை எட்டுவது அரிது. அந்த வேலைக்கு ஏற்றது மரத்தைத் துளைத்துக் கூடுகட்டும் பெரிய கருவண்டு. எங்கள் கூரை மரத்தில் அது துளையிட்டு, காலையில் தரையெல்லாம் மரத்தூளைக் கொட்டியிருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றி, களிமண்ணால் அடைத்து, எத்தனையோ வண்டுகளைக் கொன்றவன் நான். என் பூக்களைக் காயாக்க வந்தவற்றை என் கையாலேயே அழித்திருந்தேன். தேன் குடிக்கும் வண்டைப் பாட்டில் ரசித்த எனக்கு, கூரையிலிருந்த வண்டை அடையாளம் தெரியவில்லை.

அதன்பின் காய்ந்த முருங்கைக் கட்டைகள் சிலவற்றைப் பந்தலருகே கட்டித் தொங்கவிட்டேன். கூரை மரத்துக்கு எண்ணெய் வர்ணம் பூசினேன். வண்டுகள் மெல்ல இடம் மாறின. அவை குறைந்த நாட்களில் நானே வண்டானேன். பூ விரிந்து ஒரு மணி நேரத்தில் சூல்முடிகள் கீழே வளைந்து வரும். அப்போது ஒரு கொடியின் மகரந்தத்தை விரலில் எடுத்து மற்றக் கொடியின் பூவில் தடவவேண்டும். மழை பெய்தால் பயனில்லை. நனைந்த மகரந்தம் கெட்டுவிடும்.

கொடி வளர்க்க விரும்புவோருக்கு இன்னும் சில வார்த்தைகள். வெயில் வேண்டும், வேரில் நீர் தேங்கக்கூடாது. புதுத் தளிரில்தான் பூ வரும். ஆகையால் காய்ப்பு முடிந்ததும் பழைய கிளைகளைக் கழித்துவிடுங்கள். இலையை அரிக்கும் புழுக்களில் சில, நாளை வண்ணத்துப்பூச்சியாகும், கொஞ்சம் விட்டுவையுங்கள். பழத்தைப் பறிக்க அவசரப்படாதீர்கள். இரண்டு இரண்டரை மாதத்தில் பழுத்துத் தானாக விழும்.

எங்கள் கொடி காய்த்த பருவத்தில், ஒருநாள் பின்னேரம் வேலிக்கு அப்பாலிருந்து ஆசிரியர் கூப்பிட்டார். அவர் கையில் இரண்டு மஞ்சள் பழங்கள். இத்தனை ஆண்டும் நிழல் மட்டும் தந்த கொடி காய்த்துவிட்டதாம். என்ன உரம் போட்டால் இப்படி ஆகும் என்று அவருக்கே விளங்கவில்லையாம். ஆச்சி தந்த கன்றைக் காட்டினேன். கருவண்டையும் காட்டினேன். வண்டுக்கு வேலி ஏது?

உங்கள் கூரையிலும் துளை தென்பட்டால், மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தேடுமுன், தோட்டத்தில் என்ன பூத்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.