கல் நின்ற இடமும் கல் இல்லா இடமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கத்தார் நம்மைப் பேசப் பணித்த விஷயம், நாம் குடியிருக்கும் தென்புறநகரின் ஞாபகச் சின்னங்களைப் பற்றியதாகும். சின்னம் என்றவுடன் கடற்கரைச் சிலைகளே பலருக்கும் நினைவில் எழும். பல்லாவரத்திலும் தாம்பரத்திலும் அப்படி யாது உளது என்று வினவுவோர் நம்மவருள்ளேயே அநேகர். ஆதலின் சைதாப்பேட்டை தொடங்கித் தென்திசை நோக்கிக் கணக்கெடுக்கப் புகுந்தோம்.

அடையாற்றின் மேல் 1726-ஆம் வருஷத்தில் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வர்த்தகர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு ஒரு பாலம் கட்டுவித்தார். பரங்கிமலைக்கு ஏறும் படிகளும் அவர் தருமமே. அப்பழைய பாலம் போய், 1966-இல் புதுப்பாலம் வந்தது. அதற்கு மறைமலையடிகள் பெயர் இடப்பட்டது. பழைய பாலத்தின் சாஸனக் கல்லோ, தான் சான்று கூறிய பாலம் மறைந்த பின்னரும் எஞ்சிற்று. பொருளுடையோர் செய்த தருமத்துக்குக் கல் எளிதில் கிடைத்துவிடுகிறது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

பரங்கிமலையில் 1523-இல் போர்த்துகீசியர் எழுப்பிய கோயிலைப் பற்றி யாவரும் அறிவர். அம்மலைமேல் வில்லியம் லாம்ப்டன் என்பாருக்கும் ஒரு சிலை உண்டு. 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் அவர் இம்மலையின் அருகிலிருந்து பெரும்பாக்கத்துக் குன்றை நோக்கி, நூறு அடி எஃகுச் சங்கிலி கொண்டு, ஏறக்குறைய 7½ மைல் நீள ஆதாரக் கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். அக்கோட்டிலிருந்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அளவை வடக்கே சென்றது. அவ்வாறு வளர்ந்த அளவையைக் கொண்டே 1852-இல் ராதாநாத் சிக்தார் எவரெஸ்ட் சிகரம் உலகில் உயர்ந்தது எனக் கணக்கிட்டார். வெயிலில் சங்கிலியும் பெட்டியும் சுமந்து நடந்த கூலியாட்களின் பெயரை எந்தக் கல்லும் கூறவில்லை. கோட்டின் மறுமுனையான பெரும்பாக்கத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்துள்ளன.

திரிசூலத்துச் சிவாலயத்தில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள. அவை தனியே ஒரு சொற்பொழிவுக்கு உரியன.

இனிப் பல்லாவரம். 1863 மே 30-ஆம் நாள், பூகர்ப்ப சாஸ்திரியாகிய ராபர்ட் புரூஸ் ஃபூட் இவ்வூர் இராணுவ மைதானத்தருகே, சரளைக்காகத் தோண்டிய பள்ளம் ஒன்றில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலத்து மனிதர் வாழ்ந்தனர் என்று உலகம் அறிந்தது அக்கல்லினாலேயே. பின்னர் அலெக்ஸாண்டர் ரீ இவ்வூரில் சுட்டமண் ஈமப்பேழையை வெளிப்படுத்தினார். மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகையும் இங்கே உளது. அவ்வேந்தனுடைய விருதுப் பெயர்கள் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. நெடுங்காலமாக அது முஸ்லிம்களின் தர்காவாக விளங்குகிறது. வேறு மதத்தார் வழிபாட்டினால் ஒரு பழைய சின்னம் காக்கப்பட்டதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை. தனித்தமிழ் தந்த மறைமலையடிகள் 1911-இல் கிறிஸ்தவக் கல்லூரிப் பணியை விட்டு இவ்வூரிலேயே குடியேறி, 1950-இல் காலமாகும் வரை வாழ்ந்தார்.

இத்துணைப் பெருமையும் இவ்வூரார் சிலருக்குத் துயரமாக முடிந்ததை மறைத்தல் தகாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் எழுப்பலாகாது என்றும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே எழுப்பலாம் என்றும் 2010-இல் திருத்தப்பட்ட மத்தியச் சட்டம் விதிக்கிறது. ஈமக்காட்டுப் பூமி அவ்வாறு பாதுகாக்கப்பட்டதாகும். கோயிலாயின் கோபுரம் தெரியும். நிலத்தடிப் புதையுண்ட தாழியை யார் அறிவார்? சேமித்த பொருளையெல்லாம் கொட்டி மனை வாங்கியவன், கட்டத் தொடங்கிய பின்னரே தன் மனை எல்லைக்குள் அகப்பட்டதை அறிகிறான். அவனுக்குப் புராதனம் பகையாகத் தோன்றினால் அவனைக் குறை கூறோம். எல்லையைக் காட்டும் பலகையொன்று மனை விற்பனைக்கு முன்னரே தெருமுனையில் நின்றிருக்குமாயின், சின்னமும் பிழைக்கும், குடும்பமும் பிழைக்கும். சட்டத்தைத் தளர்த்துக என்று கூச்சலிடுவோர் கட்சியில் நாம் இல்லை. தாழிகள் ஒருமுறை உடைந்தால் உடைந்தனவே. ஆயினும் அறிவியாமல் தடுப்பது நீதியன்று.

இன்னொன்று. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் உரிய அதிகாரியிடம் விண்ணப்பித்து அனுமதி பெற அச்சட்டமே வழி வைத்துள்ளது. ஒழுகும் கூரையின் கீழ் அஞ்சிக் கிடப்போர் இதனை அறிதல் வேண்டும்.

தாம்பரத்தில் உள்ளவை காலத்தாற் பிற்பட்டவை: 1928-இல் டாக்டர் சௌரி முத்து நிறுவிய க்ஷயரோக ஆரோக்கிய நிலையம், 1931-இல் கடற்கரையிலிருந்து வந்த மின்சார ரெயில், 1937-இல் இடம்பெயர்ந்து வந்த கிறிஸ்தவக் கல்லூரி. அனகாபுத்தூர்த் தறிகளில் நெய்த கட்டம்போட்ட சென்னைத் துணி கடல் கடந்து நைஜீரியா வரை சென்றது. அதையும் நம் குறிப்பேட்டில் ஒரு சின்னமாகவே எழுதியுள்ளோம்.

2021-இல் இவ்வூர்களுட் பல ஒரே மாநகராட்சியாயின. தெருப்பெயர்களும் எல்லைகளும் மாறுங் காலத்தில் குறிப்பேடு முடிவு பெறுதல் அவசியம். பல்லாவரத்தில் மனையுடைய அங்கத்தினர்கள் தங்கள் பத்திரத்திலுள்ள சர்வே எண்ணை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருவார்களாக. நம் வாலிபர்கள் அதனைப் பாதுகாக்கப்பட்ட எல்லையோடு ஒப்பிட்டு, வாங்குமுன்னும் விற்குமுன்னும் அறியத்தக்கதை எழுதித் தருவர்.