நிரந்தர அரசு ஊழியருக்கு மாற்று உண்டா?

(புனேயில் மாணவர்கள், அரசு அலுவலர்கள் முன்னிலையில் ஆற்றப்பட்ட உரை)

அரசு ஊழியர்களைப் பற்றி நேர்மாறான இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. ஒருவர் சென்றால் வேறொருவரை அந்த நாற்காலியில் அமர்த்திவிடலாம் என்பது ஒன்று. அனுபவம் மிக்க அலுவலர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்பவே இயலாது என்பது மற்றொன்று. முதற்கருத்தைச் செலவைக் குறைக்க விரும்புவோரும், இரண்டாவதைப் பெரும்பாலும் பணி நீட்டிப்பை விரும்புவோரும் கூறுகின்றனர். இவற்றுள் எது உண்மை என்று ஆராய்வதற்குப் புனே நகரிலேயே தக்கதோர் எடுத்துக்காட்டு உண்டு.

சிவாஜி நகரிலுள்ள வானிலைத் துறைக் கட்டடத்தை இவ்வூர் மக்கள் 'சிம்லா ஆபீஸ்' என்று அழைப்பது வழக்கம். 1875-இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் கல்கத்தாவிலிருந்து 1905-இல் சிம்லாவுக்கும், 1928-இல் புனேக்கும், 1944-இல் டில்லிக்கும் மாறியது. தலைமையகம் டில்லி சென்ற பின்னரும் கருவிகள், வேளாண் வானிலை, தட்பவெப்பப் பதிவுகள் முதலிய பணிகள் இங்கு தொடர்ந்தன. எல். ஏ. ராம்தாஸ் தலைமையில் வேளாண் வானிலைப் பிரிவு தொடங்கப்பட்டதும் இங்கேதான், ஆண்டு 1932.

தொடர்ச்சியின் மதிப்பு

காலை எட்டரை மணிக்கு மழைமானியிலுள்ள நீரை அளந்து ஏட்டில் குறிப்பது எளிய வேலை. சிறிது பயிற்சி பெற்ற எவரும் இதைச் செய்யலாம். ஆயினும், ஒரு நாள் அளவு தவறிவிட்டால், மறுநாள் எத்துணை கற்றவர் வந்தாலும் அதை மீட்க முடியாது. ஓரிடத்தில் ஒரே முறையில் பல்லாண்டுகள் எடுக்கப்பட்ட அளவுகளைக் கொண்டே அவ்விடத்துக்கு 'இயல்பான மழை' எவ்வளவு என்று கூற இயலும். ஒரு வட்டத்தில் வறட்சி என்று அறிவிப்பதற்கும், அணையிலிருந்து எவ்வளவு நீர் திறப்பது என்று முடிவு செய்வதற்கும் இதுவே அடிப்படை. ஆகவே, இத்தகைய ஊழியரின் மதிப்பு வேலையின் கடினத்தில் அன்று, அதன் இடையறாத தொடர்ச்சியில் உள்ளது.

வெளியிலிருந்து வந்தவர்

1904 முதல் 1924 வரை இத்துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர். வானிலைத் துறையில் முன்னனுபவம் இல்லாதவர். இன்றைய வழக்கில் கூறினால், வெளியிலிருந்து நேரடியாக உயர்பதவிக்கு வந்தவர். உலகின் பல பகுதிகளின் காற்றழுத்தம், மழை ஆகியவற்றை ஒப்பிட்டு, பசிபிக் கடற்பகுதியிலும் இந்துமாக்கடற்பகுதியிலும் காற்றழுத்தம் ஒன்றுக்கொன்று எதிராக ஏறி இறங்குவதை அவர் எடுத்துக்காட்டினார். பருவமழை ஆய்வில் இது இன்றும் முதன்மையான கருத்து.

புதியவர் ஒருவரால் இதைச் செய்ய முடிந்தது எவ்வாறு? அவர் வருமுன்பே பல்லாண்டுகளாக எடுக்கப்பட்ட பதிவுகள் ஆயத்தமாக இருந்தன. பல்லாயிரம் கணக்குகளைக் கையால் போட்ட இந்திய எழுத்தர்களும் இருந்தனர். புத்தறிவு வெளியிலிருந்து வரலாம். அது வேரூன்றும் நிலத்தை நிரந்தர ஊழியர்களே பண்படுத்தி வைத்திருந்தனர். இணைச் செயலாளர் பதவிகள் பத்துக்கு வெளியாரிடமிருந்து 2018-இல் விண்ணப்பம் கோரப்பட்டபோதும், 45 பதவிகளுக்கான அறிவிப்பு 2024-இல் வெளியிடப்பட்டுத் திரும்பப் பெறப்பட்டபோதும் எழுந்த விவாதங்களில் இவ்வுண்மை போதிய இடம் பெறவில்லை.

தமக்கு மாற்றை உருவாக்கியவர்

உள்ளிருந்து உயர்ந்தவருக்கு அன்னா மணி சான்று. 1918-இல் திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பெங்களூரில் சி. வி. ராமனின் ஆய்வகத்தில் பணியாற்றியவர். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கவில்லை. எனினும் 1948-இல் புனேயில் கருவிகள் பிரிவில் அவருக்குப் பணி கிடைத்தது.

எளிய வானிலைக் கருவிகளையும் இறக்குமதி செய்ய வேண்டியிருந்த காலம் அது. ஏறத்தாழ நூறு கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை உள்நாட்டிலேயே செய்ய அவர் வழிவகுத்தார். 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டிச் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நிறுவினார். துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு பெற்றார். அவர் சென்றபின் பணி நின்றுவிடவில்லை. வரைபடம் இருந்ததால், அதைப் படிக்கத் தெரிந்த எவரும் கருவியைச் செய்யலாம். தம் இடத்துக்கு மற்றொருவர் வரக்கூடிய நிலையை உண்டாக்கியதே அவரது தொண்டின் சிறப்பு. அலுவலகச் செய்திகளையெல்லாம் தம் நினைவிலேயே வைத்திருப்பவர் இன்றியமையாதவராகத் தோன்றலாம். அது நிர்வாகத்துக்கு நலமன்று.

நிரந்தரமும் தவறும்

பணியின் நிரந்தரம் தவறுக்குத் தடையாகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2002-இல் பருவமழை இயல்பாக இருக்கும் என்று முன்னறிவிக்கப்பட்டது. ஆனால் நாடு முழுவதும் கணக்கிட்டால் 19 விழுக்காடு குறைந்தது. 1988 முதல் கையாளப்பட்ட முறையை மாற்றி, 2003-இல் புதிய முறைகள் புகுத்தப்பட்டன. பழைய முன்னறிவிப்புகளும் உண்மையில் பெய்த மழையும் பதிவில் இருந்தமையால், குறையைக் கண்டு திருத்த முடிந்தது.

இன்று தானியங்கி நிலையங்கள் பெருகிவிட்டன. ஆயினும் மழைமானியின் வாயில் இலை அடைத்துக்கொண்டால், கருவி மழையே இல்லை என்று அறிவிக்கும். அதை ஐயுற்று நேரில் சென்று பார்க்க ஒருவர் வேண்டும்.

ஓர் ஊழியர் ஓய்வு பெறும் நாள் அவர் பணியில் சேரும் நாளிலேயே தெரிந்துவிடுகிறது. இருந்தும் பல அலுவலகங்களில் அவர் சென்ற பின்னரே அடுத்தவரைத் தேடும் வேலை தொடங்குகிறது. இடைக்காலத்தில் அறுந்த தொடர்பைப் பின்னர் எந்த ஊதியம் கொடுத்தும் பெற இயலாது. பின்வருபவர் சில மாதங்களேனும் முன்னவருடன் இருந்து கற்க வேண்டும். பணிமுறைகள் எழுத்தில் இருக்க வேண்டும். ஓய்வு பெறுபவரின் இறுதிக் கடமைகளுள் ஒன்றாக ஒப்படைப்புக் குறிப்பு கருதப்பட வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது; திட்டமிடுவோர் இதைத் தம் கணக்கில் சேர்த்துக்கொள்வது நலம்.