கல்லூர் லைட்ஹவுஸ்: ஒரு போட்டோவும் 18 கிலோ காற்றும்

கடலுக்கு நடுவுல பச்சைப் பசேல்னு செங்குத்தான ஒரு மலை, அதோட நுனியில் தீக்குச்சி சைஸுக்கு ஒரு வெள்ளை லைட்ஹவுஸ். இந்த போட்டோ உங்க இன்ஸ்டாகிராமில் ஒரு தடவையாவது வந்திருக்கும். இடம் ஃபாரோ தீவுகள். ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவுல இருக்கிற, டென்மார்க் முடியாட்சிக்கு உட்பட்ட 18 தீவுகள். அதில் கால்சோய் என்ற தீவின் வடக்கு முனையில் நிக்குது அந்த லைட்ஹவுஸ். பேரு கல்லூர். எழுத்தைப் பார்த்தா நம்ம ஊர்ப் பேரு மாதிரி இருக்கும், ஆனா அவங்க வாயில் அது கிட்டத்தட்ட ‘கட்லூர்’.

போற வழி சிம்பிள். கிளாக்ஸ்விக் ஊரில் இருந்து படகில் 20 நிமிஷம். அப்புறம் தீவோட நீளத்துக்கு ஒரே ரோடு, நடுநடுவே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய இருட்டு டன்னல்கள். ரோடு முடியற ஊர் ட்ரோட்லானெஸ். அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் மலைச்சரிவில் நடை. அது தனியாருக்குச் சொந்தமான ஆட்டு மேய்ச்சல் நிலம், அதனால நடக்கக் கட்டணம் உண்டு. 2021-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் இந்த இடம் வருது. அதுக்கப்புறம் பாண்டுக்கு ஒரு கல்லறைக் கல்லே அங்க வெச்சுட்டாங்க!

வழி நெடுக ஒரு மரம்கூட இல்லை. அட்லாண்டிக்கில் கிளம்பின காற்று, தடுக்க ஆளில்லாம நேரா நம்ம மேல வந்து மோதும்.

லைட்ஹவுஸ் வரைக்கும் நானும் என் ஃப்ரெண்டும் போயிட்டோம். ஆனா அந்த ஃபேமஸ் போட்டோவை அங்க நின்னு எடுக்க முடியாது. அதைத் தாண்டி, ரெண்டு பக்கமும் பள்ளமா இருக்கிற ஒரு குறுகலான முகட்டில் நடந்து போய்த் திரும்பிப் பார்க்கணும். அன்னைக்குக் காற்று பலமா இருந்துச்சு. ஃப்ரெண்ட் காதுகிட்ட வந்து கத்தினான்: “மச்சி, இவ்ளோ செலவு பண்ணி வந்துட்டு, அம்பது அடிக்காகத் திரும்பிப் போறதா? அஞ்சு நிமிஷம்டா!”

அவன் கேட்டது நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில் ஃபிசிக்ஸில் இருக்கு.

காற்றோட வேகம் ரெண்டு மடங்கு ஆனா, அது நம்மைத் தள்ளுற விசை நாலு மடங்கு ஆகும். அங்க வானிலை அறிக்கையில் காற்றை விநாடிக்கு இத்தனை மீட்டர்னு சொல்வாங்க. 10 மீட்டர்னா மணிக்கு 36 கிலோமீட்டர். நேரா நிக்கிற ஒரு ஆள் மேல அது தோராயமா நாலரை கிலோ எடை அளவுக்கு அழுத்தும். சமாளிச்சிடலாம். அதுவே 20 மீட்டர்னா, கிட்டத்தட்ட 18 கிலோ!

அதுவும் ஒரே சீரா அடிச்சா, சாய்ஞ்சு நின்னு தாக்குப் பிடிக்கலாம். பிரச்சினையே அது மாறும்போதுதான். நீங்க காற்றை எதிர்த்துச் சாய்ஞ்சிருக்கும்போது அது சட்டுனு நின்னா, சாய்ஞ்ச பக்கமே விழுவீங்க. முகட்டில் அந்தப் பக்கம் என்ன இருக்கு? கடல். இன்னொண்ணு, சரிவில் மோதி மேலே ஏறுற காற்று உச்சியில் நெருக்கப்பட்டு இன்னும் வேகம் எடுக்கும். அதனால ஆப்பில் பார்த்த நம்பரை முகட்டுக்கு அப்படியே எடுத்துக்கக் கூடாது.

“படகுக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்டா. இப்போ கேள்வி அடுத்த அம்பது அடி பத்தி மட்டும்தான்”னு சொன்னேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டான். ஆனா போகலை.

கீழ இறங்கி, உட்கார்ந்த இடத்தில் இருந்து எடுத்தோம். மேற்கே பார்த்தா, பக்கத்துத் தீவோட முனையில் ரெண்டு பாறைத் தூண்கள் கடலில் நிக்குது. ஐஸ்லாந்தில் இருந்து இந்தத் தீவுகளை இழுத்துட்டுப் போக வந்த ஒரு ராட்சதனும் அவன் பொண்டாட்டியும், விடிஞ்சதும் கல்லாயிட்டாங்கன்னு கதை. முன்னாடி காற்றில் படுத்துக் கிடக்கிற புல், தூரத்தில் அந்தத் தூண்கள். உண்மையைச் சொல்லணும்னா, இது அந்த ஃபேமஸ் போட்டோ இல்லை. அது என்கிட்ட இன்னைக்கும் இல்லை.

நீங்க போறதா இருந்தா சில டிப்ஸ். டிரைபாட் காலை முழுசா நீட்டாதீங்க. அதில் பையைத் தொங்கவிட்டா, பை தரையைத் தொடட்டும். அந்தரத்தில் ஆடினா நடுக்கம் கூடத்தான் செய்யும். லென்ஸ் ஹூட் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும், கழட்டிடுங்க. ஷட்டர் ஸ்பீடு 1/1000 பக்கம் வைங்க. ஆங்கிள் தேடி, பாதையை விட்டுப் புல்லை மிதிக்காதீங்க. அங்க மண் ரொம்ப மெல்லிசு. முக்கியமா, எந்த வேகத்துக்கு மேல போனா திரும்பணும்னு ஊரில் ரூமில் இருக்கும்போதே முடிவு பண்ணிடுங்க. மலை மேல நின்னு யோசிச்சா, கேமராதான் முடிவு எடுக்கும்.

நீங்க பாதியில் திரும்பி வந்த பயணம் ஏதாவது இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.